ஒற்றை உடைமரம், முழு அளவில்

“மேகம் என்னுது—”

“டீச்சர், துட்டி வீட்டுல வந்து நின்னுக்கிட்டு—”

“மரமும் என்னுது, மேகமும் என்னுது—”

“மொதல்ல ஒரு காப்பியக் குடிங்க—”

“நீங்க அடிச்ச காப்பியே போதும், அண்ணாச்சி.”

துட்டி வீட்டுக் காப்பியில் எப்போதும் சீனி கூடுதலாக இருக்கும். நான் குடிப்பதில்லை. அன்றைக்கு லாரி புக்கிங் ஆபீஸ் மாயகிருஷ்ணனுக்குப் பதினாறாம் நாள். தெருமுனையில் இருபதடிக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மாயகிருஷ்ணன் கைகூப்பி நிற்கிறார். அவருக்குப் பின்னால் நான் எடுத்த கரிசல், நான் எடுத்த கார்த்திகை மேகம், நான் எடுத்த ஒற்றை உடைமரம். ஒட்டியவர்கள் அவசரத்தில் ஒட்டியதால் மரம் செத்தவருடைய உச்சந்தலையிலிருந்து முளைத்திருந்தது. ஃப்ளெக்ஸ் அடித்த பூவனலிங்கமும் பந்தலில்தான் இருந்தார். அவரிடம்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டிருந்த மாயகிருஷ்ணன் சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். பதினாறு நாளில் அவர்களுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இது ஆவணியில் நடந்தது. இப்போது பூவனலிங்கத்துக்கே ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் சுதாராணி, இதை நானே எழுதித் தருகிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டரை எழுதவிட்டால் ஒற்றுப்பிழை வரும். நான் சிவப்பு மையில் திருத்துவேன். அது வேறு வழக்காகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் உங்களை ‘ஏட்டி சுதா’ என்று கூப்பிட்டவள் நான். இப்போது நீங்கள் நாற்காலியிலும் நான் ஸ்டூலிலும் இருப்பதால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன்.

என் புகார் சின்னது. பூவனலிங்கம் போன வியாழக்கிழமை விளாத்திகுளம் ரோட்டுக்குத் தெற்கே உள்ள பாழுங்கிணற்றில் விழுந்து இறந்துபோனார். அவருக்கான கண்ணீர் அஞ்சலியை அவர் கடையிலேயே அடித்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருக்கிறார்கள். அதில் இருக்கிற படம் நான் எடுத்தது. கீழே ‘படம்: மைத்துனர் இசக்கிராஜா’ என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஜெ. ஜெயஷீலா, புவியியல் ஆசிரியை (ஓய்வு) என்று போட வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

“எடுத்தது நீங்கதான்னு எப்பிடி டீச்சர் நம்புறது? ஆதாரம் வேணும்லா?” என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்தில் நீங்கள் இப்படி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அந்த ஆதாரத்தைத்தான் வரிசையாக எழுதுகிறேன். இரண்டு நாளாக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆட்டுக்கார அழகிரிசாமியும் இதில் ஓர் இடத்தில் வருவார். அதுவரைக்கும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முப்பத்தொரு வருஷம் புவியியல் நடத்தினேன். பாடப்புத்தகத்தில் கரிசல் மண்ணின் படம் தீப்பெட்டி லேபிள் அளவில் இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதே மண் அடிவானம் வரைக்கும் கிடக்கும். உங்களை மாதிரிப் பிள்ளைகள் லேபிளைப் படித்துவிட்டு ஜன்னலை மறந்துவிடுவீர்கள். ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினேன். விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறி, தோன்றின இடத்தில் இறங்கி நடப்பேன். எடுத்த படங்களை வலைப்பக்கம் தொடங்கி முழு அளவில் போட்டேன்.

முழு அளவு என்பது முக்கியம். சின்னதாகப் போட்டால் கரிசல் தார் ரோடு மாதிரி இருக்கும். பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் வெடிப்பு தெரியும், வெடிப்பின் ஓரத்தில் எறும்பு தெரியும், தூரத்தில் மிளகாய் பறிக்கிற பெண் தலையில் கட்டியிருக்கிற துண்டின் கரை தெரியும். “பெரிசாப் போட்டா அடிச்சிட்டுப் போயிருவான், டீச்சர்” என்று எல்லாரும் சொன்னார்கள். திருடனுக்குப் பயந்து நான் வானத்தை நறுக்கிப் போட முடியாது. பெரிதாகவே போடுவது, காவலும் வைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் படத்தின் மூலையில் என் பெயரைப் போட்டேன். மூலையை வெட்டிவிட்டார்கள். பிறகு வானத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் போட்டேன். பூவனலிங்கம் கடையில் முன்பாதியை மேகத்தால் மூடிவிட்டு, பின்பாதிக்குப் பொறுமையில்லாமல் விட்டுவிட்டார்கள். முத்துமாரி என்கிற பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸில் தலைக்கு மேலே ‘ஷீலா’ என்று இருந்தது. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் மொய் கவரில் ஷீலாவுக்கு என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி.

அப்புறம் சென்னையில் இருக்கிற பழைய மாணவி ஒருத்தி வலைப்பக்கத்துக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தாள். படத்தின் மேல் மவுஸை அமுக்கினால் ‘இவர் ஜெ. ஜெயஷீலாவுக்கு உரியவர்’ என்று ஒரு பெட்டி வரும். ‘இது’ என்று எழுத வேண்டியதை அவள் ‘இவர்’ என்று எழுதிவிட்டாள். தமிழில் எப்போதுமே முப்பத்தைந்துக்கு மேல் எடுக்காதவள். பூவனலிங்கம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தபோது அந்தப் பெட்டியும் சேர்ந்து வந்துவிட்டது. அப்படியே அடித்துவிட்டார். வார்டு கவுன்சிலர் பிறந்தநாள் ஃப்ளெக்ஸில், அவர் நெஞ்சுக்கு நேராக, அவர் எனக்கு உரியவர் என்று ஊருக்கு நடுவில் ஒரு வாரம் தொங்கியது. கவுன்சிலர் சம்சாரம் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். “எனக்கு அறுபத்தாறு வயசு ஆவுதும்மா” என்றேன். “வயசு தெரியுது, வெவரம் தெரியணும்லா?” என்றார்கள்.

எங்கள் சபையின் கன்வென்ஷன் பேனரில் இயேசுவை என் கரிசலில் நடக்கவிட்டிருந்தார்கள். மழைக்குப் பிறகு கரிசலில் நடந்தால் காலுக்கு ஒரு கிலோ மண் ஒட்டும். அவர் பாதம் பளிச்சென்று இருந்தது. தண்ணீரின் மேலேயே நடந்தவர் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் நான் பூவனலிங்கம் கடைக்குப் போவேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் கடை வைத்திருப்பவரை அண்ணாச்சி என்றுதானே கூப்பிட வேண்டும். அவரும் மரியாதைக்காரர்தான். நான் வாசலில் தலையைக் காட்டியதும் நாற்காலியைத் துடைப்பார். “வாங்க டீச்சர், காப்பி சொல்லட்டுமா?” என்பார். பிறகு, “மேகத்துக்கு எல்லாம் சொந்தக்காரி வந்துட்டா நாங்க பொழப்புக்கு எங்கன போறது?” என்று சிரிப்பார். கடைப் பையன்களும் சிரிப்பார்கள்.

இனி ஆதாரத்துக்கு வருகிறேன்.

காப்பி அடிப்பவர்களைப் பிடிப்பது எனக்குப் புதிதில்லை. வைப்பாறு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் முதல் பெஞ்சு ஆஸ்லினைத் தனியாகக் கூப்பிட்டு, வைப்பாறு அரபிக்கடலில் கலக்கிறது என்று எழுதச் சொன்னேன். சரியான விடையைப் பார்த்து எழுதினால் யாரையும் பிடிக்க முடியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த விடை என்று சொல்லிவிடலாம். தப்பான விடையைப் பார்த்து எழுதினால்தான் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அந்த வருஷம் பதினான்கு பேர் வைப்பாற்றைப் பின்னால் திருப்பி, மலைமேல் ஏற்றி, அரபிக்கடலில் கொண்டுபோய் இறக்கினார்கள். நீங்களும் அதில் ஒருவர். விளாத்திகுளத்தில் உங்கள் ஆச்சி வீட்டுக்குப் பக்கத்தில்தான் அந்த ஆறு ஓடுகிறது.

உடைமரப் படத்திலும் அதையேதான் செய்தேன்.

அந்த இடத்துக்கு நீங்கள் இப்போது போய் வந்திருக்கிறீர்கள். மரத்துக்கு முன்னால், கொஞ்சம் இடது பக்கமாக, ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. கைப்பிடிச்சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும். மழை பெய்துவிட்டால் சுற்றிலும் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். சுற்றி அழகிரிசாமி வேலிமுள் வெட்டிப் போட்டிருந்தார். ஏன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் படம் எடுக்கப் போனபோது கேட்டேன்.

“சினையாடு ஒண்ணு விழுந்திட்டு, டீச்சரம்மா. அதான் முள்ளு வச்சேன்.”

“மனுசங்க யாரும் விழலையா?”

“மனுசன்னா தெரிஞ்ச ஆளுகிட்டக் கேட்டுக்கிட்டு நடப்பான். ஆடு யாருகிட்டப் போயிக் கேக்கும்?”

அவர் சொன்னதை நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமானால் தருகிறேன்.

வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் பக்கத்துப் புல்லை எடுத்து ஒட்டி, கிணற்றையும் முள்ளையும் மூடினேன். நான்கு நாள் ஆயிற்று. முழு அளவில் எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒட்டு தெரியாது. பிறகு வலைப்பக்கத்தில் போட்டேன். இனிமேல் எவனாவது அந்தப் படத்தைத் தானே போய் எடுத்ததாகச் சொன்னால் ஒரு கேள்வி போதும்: மரத்துக்கு முன்னால் என்ன இருந்தது? போய் எடுத்தவன் கிணறு என்பான். காப்பி அடித்தவன் புல் என்பான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. விடையை முன்னாலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன பரீட்சை?

மாயகிருஷ்ணன் வீட்டுச் சண்டைக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் கடைப்பக்கம் போகவில்லை. கார்த்திகை பிறந்ததும் போனேன். கடலைமிட்டாய் டப்பா ஒன்றில் என் மரத்தைப் பார்த்திருந்தேன். பூவனலிங்கம் நாற்காலியைத் துடைத்தார். காப்பி சொன்னார். பிறகு, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“டீச்சர், ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அந்தப் படம் நானே போயி எடுத்தது.”

“நீங்களா?”

“நாந்தான். பைக்குல போனேன், எறங்குனேன், எடுத்தேன். மரத்த என்ன ஒங்க பேருல பட்டா போட்டுருக்கா?”

“எங்கன நின்னு எடுத்தீங்க?”

“முன்னால நின்னுதான். மரத்துக்கு என்ன முதுகா இருக்கு?”

“மரத்துக்கும் ஒங்களுக்கும் நடுவுல என்ன இருந்திச்சு?”

“புல்லு.”

“வேற?”

“வேற என்ன இருக்கும்? நாப்பதடிக்கு அடிச்சிருக்கேன், டீச்சர். அங்கன நிக்குற ஒவ்வொரு புல்லும் எனக்குப் பேரோட தெரியும்.”

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே நான் கிணற்றைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். நீங்கள்கூட அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகாத பிள்ளைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. மணி அடிக்கும்வரை திருத்திக்கொள்ள அதற்கு உரிமை உண்டு.

அப்போதுதான் அவர் ஆசையைச் சொன்னார். தை பிறந்தால் கடைக்குப் பத்து வருஷம். கடை வாசலில் முப்பதடி ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறார். அதில் அந்த மரத்துக்கு முன்னால் அவர் நிற்க வேண்டும்.

“கம்ப்யூட்டர்ல ஒட்டிப் பாத்தேன், ஒட்டுன மாதிரியேதான் இருக்கு. மத்தவனுக்கு ஒட்டலாம், நமக்கே ஒட்டுனா நல்லாவா இருக்கும்? நீங்க ஒங்க கையால ஒரு படம் எடுத்துக் குடுங்க. ஒங்க பேரப் போடுதேன்.”

“எவ்வளவு பெரிசா?”

“என் பேரு அளவுக்கு. போதுமா?”

அவர் என் பெயரைப் போடுகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கடையில் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கை அவருடைய மைத்துனர் காப்பாற்றவில்லை என்பதுதான் என் புகாரின் அடிப்படை.

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் போனேன். அவர் ஏழரைக்கு பைக்கில் வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. குடைப் பிடியின் வளைவால் கொக்கி போட்டு இழுத்து, கிணற்றைச் சுற்றியிருந்த முள்ளை எல்லாம் மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டேன். ஆகவே “நான் வச்ச முள்ளக் காணோம்” என்று அழகிரிசாமி சொல்வது உண்மை. முள்ளைத் தன் ஆட்டுக்கிடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டுக் கிணற்றைத் திறந்து போட்டதாக அவர் மேல் நீங்கள் சொல்வது தப்பு. அவர் வேறு என்ன சொன்னாலும் நம்பலாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. என் விரலில் ஒரு முள் ஏறி, இன்னும் இறங்கவில்லை. டாக்டரிடம் காட்டினால் அதுவும் ஆதாரம்தான்.

ஏன் முள்ளை எடுத்தேன் என்று கேட்பீர்கள். நான் போட்ட படத்தில் முள் இல்லை. பாடத்தில் இல்லாதது கேள்வித்தாளில் இருந்தால் பிள்ளைகள் குழம்பும்.

பூவனலிங்கம் சொன்ன நேரத்துக்கு வந்தார். புதுச்சட்டை, முகத்தில் பவுடர், பையில் சீப்பு. முதல் நாள் பெய்த மழையில் மண் ஊறியிருந்தது. பைக்கை ரோட்டிலேயே விட்டுவிட்டுச் செருப்பில் மண் அப்ப அப்ப, யானை மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். இயேசுவை நினைத்துக்கொண்டேன்.

பிளாஸ்கில் காப்பி கொண்டுபோயிருந்தேன். சீனி அளவாகப் போட்டது. இரண்டு தம்ளர் குடித்தார்.

“டீச்சர், காப்பின்னா இது காப்பி.”

“இந்த எடம் ஒங்களுக்கு நல்லாத் தெரியும்லா, அண்ணாச்சி?”

“நான் எடுத்த எடம் எனக்குத் தெரியாதா?”

இது இரண்டாம் தடவை. முதல் தடவை கடையில் கேட்டது.

அவர் போனை எடுத்து என் படத்தைத் திறந்தார். மேலே என் பெயர் இல்லை. அவர் கடையில் துடைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கொம்பு தன்னுடைய இடது தோளுக்கு மேலே வர வேண்டும், அந்த மேகம் வலது காதுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். படத்தில் இருந்த மேகம் இரண்டு வருஷத்துக்கு முந்தினது. அதை நான் திருத்தவில்லை.

“ஒண்ணே ஒண்ணு, டீச்சர். மாயகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு ஆன மாதிரி மரம் தலையில மொளைச்சிறக் கூடாது.”

“மொளைக்காது.”

கேமராவில் எண் 4471: அவர் எனக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறார். வயிறு மரத்தை மறைக்கிறது. “கொஞ்சம் பின்னால போங்க” என்றேன். 4472: மரத்தின் தலை தெரிகிறது. “இன்னும் கொஞ்சம்.” 4473: மரம் முழுதாக வந்துவிட்டது, ஆனால் கண்ணை மூடிவிட்டார். 4474: கண் திறந்திருக்கிறது, சிரிப்பு இயல்பாக இருக்கிறது, வலது கை இடுப்பில். பின்னால் முழங்கால் உயரத்துக்குப் புல். இதுதான் இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தொங்குவது.

இசக்கிராஜா இதைப் புரட்டாசியில் தான் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறான். புரட்டாசியில் அங்கே புல் கிடையாது, வெடிப்புதான். ஒன்பதாம் வகுப்புப் பாடம், வடகிழக்குப் பருவமழை. நீங்கள் அன்றைக்கு லீவு.

அவனுக்குப் படம் எப்படிக் கிடைத்தது என்றால், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லலாம். மூன்றாம் நாள் என் வலைப்பக்கத்தில் 4474-ஐ முழு அளவில் போட்டேன். மூலையில் என் பெயரும் தேதியும் நேரமும் இருந்தன. அவன் எடுத்தான், வழக்கம்போல மூலையை வெட்டினான். எதை வெட்டுகிறோம் என்று அவன் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. வெட்டாமல் விட்டிருந்தால் நீங்கள் அன்றைக்கே என் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பீர்கள். என் வலைப்பக்கத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் திருடர்கள்தான், போலீஸ்காரர் ஒருவர்கூட இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பூவனலிங்கம் வீட்டுத் துட்டிக்கும் போனேன். அங்கே மட்டும் காப்பி குடித்தேன். சீனி சரியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சம்சாரம் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க மேல அவியளுக்கு ரொம்ப மரியாதை, டீச்சர். ஒங்க படத்தத் தவிர வேற படம் தொட மாட்டாவ” என்று அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. வாசலில் வந்து பார்த்தால் ஃப்ளெக்ஸில் இசக்கிராஜாவின் பெயர். கலங்கின கண் அப்படியே காய்ந்துபோயிற்று.

நான் அவரைத் தள்ளவில்லை. தொடவும் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி இருந்தது. உண்மையிலேயே அவர் எடுத்த படமாக இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

4474 எடுத்து முடித்ததும் அவர் போனைப் பார்த்தார். மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“படத்துல மரம் இதவிடப் பெரிசால்லா இருக்கு?”

“இன்னும் கிட்டப் போகணும். ரெண்டு எட்டு.”

“நேராப் பின்னாலயா?”

“ஒங்க வலது கைப்பக்கமா. அங்கன என்ன இருக்குன்னு தெரியும்லா, அண்ணாச்சி?”

இது மூன்றாம் தடவை. பேதுருவிடம்கூட மூன்று தடவைதான் கேட்டார்கள்.

“புல்லுதான, டீச்சர்” என்றார்.

என்னைப் பார்த்தபடியே, சிரிப்பு கலையாமல், செருப்பு மண்ணோடு காலைத் தூக்கிப் பின்னால் வைத்தார். ஒரு எட்டு. அடுத்த எட்டை நான் கேமரா வழியாகத்தான் பார்த்தேன், அழுத்தினேன். 4475-இல் மரம் இருக்கிறது, புல் இருக்கிறது, மேகம் இருக்கிறது. ஆள் இல்லை. நான் கம்ப்யூட்டரில் நான்கு நாள் உட்கார்ந்து செய்தது, அன்றைக்கு ஒரு ஒட்டும் இல்லாமல் அப்படியே வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். அதை இன்னும் எங்கும் போடவில்லை. முழு அளவில் போட்டால் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான்.

நான்கு படங்களையும், இந்த ஐந்தாவதையும், தேதி நேரத்தோடு ஒரு பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இசக்கிராஜாவிடம் இதில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பார்த்துவிட்டுப் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஸ்டேஷனில் யாரும் காப்பி எடுக்கக் கூடாது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எடுத்த படத்தை எடுக்கப்பட்டவரிடம் காட்டாமல் நான் வந்ததில்லை. அழகிரிசாமியும் ஆடுகளும் பத்து மணிக்குத்தான் அந்தப் பக்கம் வருவார்கள். நேரம் இருந்தது. எனக்குக் கிணற்றின் விளிம்பு தெரியும். புல்லை விலக்கி, குடையை ஊன்றி, குனிந்தேன். கேமராவின் பின்பக்கத்தை உள்ளே தெரிகிற மாதிரித் திருப்பிப் பிடித்தேன். வெயில் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, படம் நல்லா வந்திருக்கு. மரம் தலையில மொளைக்கல. பாக்குதீங்களா?”